எடுத்த ஊரில் போட்டுக் காட்ட முடியுமா? ஊர் சுற்றும் மிஷனரிப் படக்காரர்கள் பற்றி ஒரு குறிப்பு

ஊர் ஊராகப் போய்ச் சமயப் பணி செய்கிறவர்களை நமக்குத் தெரியும். ஊர் ஊராகப் பெட்டி தூக்கிப் போய்ப் படம் காட்டுகிறவர்களையும் தெரியும். இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆள், அதுவும் தன் நாட்டை விட்டு வேறு நாட்டில் போய்ச் செய்தால் அவருக்கு என்ன பெயர்? ஆங்கிலத்தில் மிஷனரி ஃபிலிம்மேக்கர் என்கிறார்கள். நான் சுருக்கமாக மிஷனரிப் படக்காரர் என்று வைத்துக்கொள்கிறேன். நூறு வருஷத்துக்கு மேலாக உலகத்தில் இருக்கிற தொழில் இது. தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு கதை உண்டு. சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் இதைச் சமய வரலாறு என்று ஒதுக்கிவிடுகிறார்கள், சமய வரலாறு எழுதுகிறவர்கள் சினிமா விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நடுவில் கிடப்பதைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் குறிப்பு.

இந்த வேலையைப் புரிந்துகொள்ள ஒரு விஷயத்தை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் போதும். மிஷனரிப் படக்காரருக்கு எப்போதும் இரண்டு திரைகள் உண்டு. ஒன்று, அவர் போன ஊரில் கட்டுகிற திரை. அதில் தன் சமயத்தின் கதையை அந்த ஊர்க்காரர்களுக்குக் காட்டுகிறார். இன்னொன்று, அவரை அனுப்பி வைத்த ஊரில் இருக்கிற திரை. அதில் அந்தத் தூரதேசத்து மக்களைத் தன் ஊர்க்காரர்களுக்குக் காட்டுகிறார். முதல் திரை நம்பிக்கைக்காக, இரண்டாவது திரை காணிக்கைக்காக. இரண்டாவது திரையில் கூட்டம் சேரவில்லை என்றால் முதல் திரைக்கு டீசல் வாங்கக் காசு இருக்காது. இந்தத் தொழிலின் மேன்மையும் சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கூடாரமும் கடிதமும்

சினிமா வருவதற்கு முன்பே இந்த இரண்டு திரை விவகாரம் எங்கள் பக்கத்தில் நடந்திருக்கிறது. எங்கள் மகாராஜபுரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்றைக்கு விருதுநகர் மாவட்டம். 1985க்கு முன்னால் ராமநாதபுரம் மாவட்டம். 1910க்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகாசி எல்லாமே திருநெல்வேலி ஜில்லா. அதனால் பழைய மிஷன் எழுத்துகளில் எங்கள் பகுதியைத் தேடுகிறவர்கள் 'வடக்குத் திருநெல்வேலி' என்று தேட வேண்டும்.

1854இல் தாமஸ் ராக்லண்ட் என்பவர் இந்த வடக்குத் திருநெல்வேலியில் ஒரு புதுமையான வேலையைத் தொடங்கினார். கேம்பிரிட்ஜில் கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஃபெலோவாக இருந்தவர் அவர். சர்ச் மிஷனரி சொசைட்டி வழியாக இந்தியாவுக்கு வந்தார். பங்களா கட்டி ஒரே இடத்தில் உட்காராமல், கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக அலைவது என்று முடிவு செய்தார். சிவகாசி அவருக்குத் தங்குமிடம். தெற்கே ஏற்கெனவே நிலைபெற்றிருந்த சபைகளில் இருந்து தமிழ் உபதேசியார்கள் வந்து அவரோடு சேர்ந்து சுற்றினார்கள். 1858 அக்டோபரில் ராக்லண்ட் சிவகாசியிலேயே இறந்து போனார். நாலு வருஷக் கூடார வாழ்க்கை, அவ்வளவுதான்.

அவரிடம் கேமரா கிடையாது. ஆனால் அந்தக் காலத்து மிஷனரிகள் எல்லோரையும் போல அவரும் ஊருக்கு எழுதுகிறவர். பகலில் கிராமத்துக்குச் சொல்ல வேண்டும், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் கிராமத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் வேறு வேறு ஆட்கள். இரண்டாவது கூட்டத்தாருக்கு என்ன பிடிக்கும் என்பது எழுதுகிறவரின் கையைக் கொஞ்சமாவது இழுக்கத்தான் செய்யும்.

இந்த இழுப்பை எதிர்த்துப் பார்த்தவர்களும் உண்டு. தெற்குத் திருநெல்வேலியில் டோனாவூரில் வேலை செய்த ஏமி கார்மைக்கேல், தான் பார்த்ததை அப்படியே எழுதி அனுப்பினார். தோல்விகள், மறுப்புகள், மனசு சோர்ந்து போகிற சம்பவங்கள் எல்லாம் அதில் இருந்தன. இவ்வளவு சோர்வூட்டுகிறதாக இருக்கிறதே என்று முதலில் அந்தக் கையெழுத்துப் பிரதி திரும்பி வந்தது. 'உள்ளபடியே' என்ற பொருள் தரும் தலைப்போடு 1903இல்தான் அது புத்தகமானது. தன் மக்களை அவர் பார்த்த பார்வையில் நமக்கு ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். ஆனால் காணிக்கை போடுகிறவர்கள் வெற்றிக் கதையைத்தான் விரும்புவார்கள் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம் என்பதற்கு இது ஒரு சாட்சி.

ரயில்வே வேலையை விட்டவர்

எழுத்துக்கு அடுத்து வந்தது மாய விளக்கு. கண்ணாடித் தகட்டில் வரைந்த வேதாகமப் படங்களை விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைத் துணியில் விழச் செய்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மிஷன்காரர்களின் சாமான் மூட்டையில் இதுவும் ஒன்று. இருட்டின பிறகு நடக்கும், கூட்டம் தானாக வரும், படிப்பறிவு தேவையில்லை. பின்னால் வந்த சினிமாவுக்குக் கூட்டம் சேர்க்கும் முறையை இதுதான் சொல்லிக் கொடுத்தது.

அசையும் படத்தைத் தமிழ்நாட்டில் ஊர் ஊராகக் கொண்டுபோனவர் மிஷனரி இல்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வேயில் படம் வரைகிற உத்தியோகம். 1905இல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டே திருச்சி வந்தபோது உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. அவருடைய புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். விலை இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி என்கிறார்கள். அன்றைய ரயில்வே குமாஸ்தாவுக்கு இது பல வருஷச் சம்பளம். வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு கிளம்பினார். தெற்கே சுற்றியது போக, வடக்கே லாகூர், பெஷாவர் வரைக்கும் போனார். பிறகு 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். அந்தத் தெருவுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அவர் வாங்கிய சுருள்களில் முக்கியமானது எது தெரியுமா? இயேசுவின் வாழ்க்கை. அந்தக் காலத்தில் பிரான்சின் பாத்தே போன்ற நிறுவனங்கள் இயேசுவின் வாழ்க்கையைச் சின்னச் சின்னக் காட்சித் துண்டுகளாக எடுத்து உலகம் முழுக்க விற்றன. மாட்டுத் தொழுவம், தண்ணீர் மேல் நடப்பது, சிலுவை என்று தனித்தனித் துண்டு. வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். வசனம் கிடையாது. பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொன்னால் எந்த ஊரிலும் ஓடும்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். வின்சென்ட் காட்டியது சமயப் படம், ஆனால் அவர் செய்தது டிக்கெட் வியாபாரம். பார்க்க வந்தவர்களும் ஞானஸ்நானம் வாங்க வரவில்லை, சுவரில் மனுஷன் நடக்கிறான் என்று கேள்விப்பட்டு வந்தார்கள். அனுப்பினவர் நினைப்பது ஒன்று, பார்க்கிறவர் எடுத்துக்கொள்வது இன்னொன்று என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் பம்பாயில் கிடைக்கிறது. 1910 வாக்கில் ஒரு கொட்டகையில் இயேசுவின் வாழ்க்கைப் படத்தைப் பார்த்த தாதாசாகேப் பால்கேவுக்கு, திரையில் இயேசு நகர நகர, மனசில் கிருஷ்ணனும் ராமனும் ஓடினார்களாம். இதைப் பின்னால் அவரே எழுதியிருக்கிறார். அந்த வேகத்தில் லண்டன் போய்த் தொழில் படித்து வந்து அவர் எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா' 1913 மே மாதம் பம்பாயில் மக்களுக்குத் திரையிடப்பட்டது. நம்முடைய புராணப் படங்களின் வம்சாவளியில் ஒரு வேர் இயேசு படத்தில் இருக்கிறது. முதல் திரையை யாரும் முழுசாகக் கட்டுப்படுத்த முடியாது. பார்க்கிறவன் தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்வான்.

கேமரா திரும்பிய வருஷம்

இரண்டாவது திரை அப்படி இல்லை. அங்கே படம் எடுக்கப்பட்டவர்கள் அரங்கில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அதனால் மறுத்துப் பேச ஆள் கிடையாது.

நம் பகுதியில் இதற்கான பழைய உதாரணம் 1923இல் எடுத்த 'தி கேட்டகிஸ்ட் ஆஃப் கில்-ஆர்னி' என்ற மௌனப் படம். தமிழில் 'கில்-ஆர்னி உபதேசியார்' என்று சொல்லலாம். எடுக்க வைத்தவர் பாரிஸ் அயல்நாட்டு மிஷன் சபையைச் சேர்ந்த பாதிரியார் தாமஸ் கவன் டஃபி. புதுச்சேரி மறைமாவட்டத்தில், திண்டிவனம் பக்கம் வேலை செய்தவர். அவருடைய அப்பா சார்ல்ஸ் கவன் டஃபி அயர்லாந்தின் தேசிய இயக்கத் தலைவர்களில் ஒருவர், பிற்பாடு ஆஸ்திரேலியாவில் விக்டோரியாவின் பிரதமராகவும் இருந்தவர். ஆக, மகனுக்கு எழுத்தும் பேச்சும் பிரச்சாரமும் ரத்தத்தில் இருந்தது. வெளிநாட்டில் மிஷனுக்கு ஆதரவு திரட்டத்தான் இந்தப் படம்.

கேமராவைப் பிடித்தவர் யார்? சென்னையைச் சேர்ந்த ஆர். பிரகாஷ். தென்னிந்திய சினிமாவின் முன்னோடிகளில் ஒருவரான ரகுபதி வெங்கையாவின் மகன். அவருடைய அப்பா கொட்டகை கட்டியவர், பர்மா, இலங்கை வரை படம் கொண்டுபோனவர். மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படத்தொழில் படிக்க வைத்தார். திரும்பி வந்த பிரகாஷ் 1921இல் 'பீஷ்ம பிரதிக்ஞை' எடுத்தார். இரண்டு வருஷம் கழித்து ஒரு பாதிரியாருக்காக உபதேசியார் கதை. ஒரே கையில் பீஷ்மரும் வந்தார், உபதேசியாரும் வந்தார். தொழில்காரருக்கு இதில் முரண்பாடு எதுவும் இல்லை. 'வெளிநாட்டு மிஷனரி எடுத்த படம்' என்று நாம் சொல்லும்போது, லென்ஸுக்குப் பின்னால் இருந்த உள்ளூர்க் கண்ணை மறந்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

படத்தின் தலைப்பையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'கில்-ஆர்னி' என்பது நம் காதுக்குக் கீழ் ஆரணி மாதிரி ஒரு சாதாரணத் தமிழ்க் கிராமம். ஓர் அயர்லாந்துக்காரர் காதுக்கோ அது கில்லார்னி. அயர்லாந்தில் ஏரிகளுக்குப் பெயர்போன ஊர் அது. அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ் கத்தோலிக்கர்களுக்கு அந்தச் சத்தம் போதும், சொந்த ஊர் ஞாபகம் வந்துவிடும். வேண்டுமென்றே வைத்த பெயரா என்பது வேறு விஷயம். ஆனால் இரண்டு பக்கமும் முகம் காட்டுகிற தலைப்பு இது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தமிழ்க் கிராமம் ஒன்று, தூரத்தில் இருக்கிறவர்களின் மனசுக்கு ஏற்ற பெயரோடு கப்பல் ஏறிப் போகிறது.

அதே 1923இல் கோடாக் நிறுவனம் 16 மி.மீ. பிலிமை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், அதுவரை இருந்த 35 மி.மீ. நைட்ரேட் பிலிம் வெடிமருந்துக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. தீப்பிடித்தால் தண்ணீரில் முக்கினாலும் எரியும். படம் காட்டும் இடங்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று 1918இல் இந்தியாவில் சட்டம் வந்ததற்கு இந்தத் தீ பயமும் ஒரு காரணம். 16 மி.மீ. சீக்கிரம் தீப்பிடிக்காத பிலிம். புரொஜெக்டரை ஒரு ஆளே தூக்கிக்கொண்டு போகலாம். பள்ளிக்கூடம், கோயில் வளாகம், களத்துமேடு எங்கே வேண்டுமானாலும் திரை கட்டலாம். ஊர் சுற்றும் மிஷனரிப் படக்காரர் என்ற தொழிலைச் சாத்தியமாக்கியது இந்தச் சின்ன பிலிம்தான்.

திரைக்குப் பின்னால் இருந்து பார்த்தால்

இதன் உச்சம் 1979இல் வந்த 'இயேசு' படம். அமெரிக்காவின் கேம்பஸ் குருசேட் இயக்கமும் தயாரிப்பாளர் ஜான் ஹேமனும் சேர்ந்து உருவாக்கியது. லூக்கா சுவிசேஷத்தை வரிசையாகப் பின்பற்றி, இஸ்ரேலில் எடுத்தார்கள். இன்றைக்கு 2,000க்கும் மேற்பட்ட மொழிகளில் டப்பிங் ஆகியிருக்கிறது. உலகத்திலேயே அதிக மொழிகளுக்குப் போன படம் என்று சொல்லப்படுவது இதுதான். சில மொழிகளின் பேச்சு முதன்முதலாக ஒரு திரையில் ஒலித்தது இந்தப் படத்தில்தான். அதற்காகவே பல நாடுகளுக்கு ஒலிப்பதிவுக் குழுக்கள் போயின. ஸ்டுடியோ இல்லாத ஊரில் ஒரு அறைக்குள் மெத்தை, போர்வைகளைக் கட்டித் தொங்கவிட்டு, படிக்கத் தெரியாதவருக்கு ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்து, உதட்டசைவுக்குப் பேச வைக்கிற வேலை. ஆடு கத்தினால் நிறுத்த வேண்டும், மழை பெய்தால் நிறுத்த வேண்டும்.

அதற்கு முந்தின வருஷம், 1978இல், தெலுங்கில் 'கருணாமயுடு' வந்தது. விஜயச்சந்தர் இயேசுவாக நடித்தார். இயக்கியவர் நம்முடைய ஏ. பீம்சிங். 'பாசமலர்', 'பாவமன்னிப்பு' எடுத்த அதே பீம்சிங்தான். அதுவும் பல இந்திய மொழிகளுக்குப் போய், குழுக்கள் வழியாகக் கிராமம் கிராமமாக ஓடியது. முகமும் உடம்பும் பாட்டும் நம்மூர்ச் சாயலில் இருந்ததால் பல இடங்களில் வெளிநாட்டுப் படத்தைவிட இது ஒட்டிக்கொண்டது.

சின்ன வயதில் மைதானத்தில் மண்ணில் உட்கார்ந்து இந்த மாதிரிப் படங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஜெனரேட்டர் சத்தம், பூச்சி மொய்க்கிற வெளிச்சக் கூம்பு, ரீல் மாற்றும்போது பசங்கள் கையை விட்டு நாய், மான் காட்டுவது எல்லாம் உண்டு. முன்னால் இடம் இல்லை என்றால் திரைக்குப் பின்பக்கம் போய் உட்காருவோம். அங்கே எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரியும். வலது கையைத் தூக்கி ஆசீர்வதிக்கிறவர் எங்களுக்கு இடது கையைத் தூக்குவார். கதை அதேதான். ஆனால் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு படம் மாறும் என்பதை அந்தத் துணி ரொம்பச் சுலபமாகச் சொல்லிக்கொடுத்தது.

இன்றைக்கு இந்த வேலை எப்படி இருக்கிறது?

என் அக்கா மகன் வீடியோ எடிட்டர். ஒரு அமைப்பு அவனை ஆப்பிரிக்காவுக்குப் படக்குழுவோடு வரச் சொல்லிக் கூப்பிட்டது. "மாமா, நீங்கதான் இதப்பத்தி படிக்கிறீங்களே, போகட்டுமா?" என்று கேட்டான். போ, போகாதே என்று நான் சொல்லவில்லை. அந்த வேலையில் என்னென்ன உண்டு என்று தேடி எடுத்து அவனுக்கு எழுதிக் கொடுத்தேன். சுருக்கம் இது.

முதல் விஷயம், சம்பளம். பெரும்பாலான மிஷன் அமைப்புகளில் மாதச் சம்பளம் என்று ஒன்று தானாக வராது. நண்பர்கள், சபைகள், குடும்பங்கள் என்று ஆதரவாளர்களை அவரவரே தேடிக்கொள்ள வேண்டும். மாதாமாதம் அவர்களுக்குச் செய்திக் கடிதம், இப்போது சின்ன வீடியோ. சில வருஷத்துக்கு ஒருமுறை ஊர் திரும்பி, சபை சபையாகப் போய்ப் பேசி, படம் காட்டி, அடுத்த சுற்றுக்குப் பணம் சேர்க்க வேண்டும். படம் எடுக்கிற நாட்களைவிட படத்தைப் பற்றிப் பேசுகிற நாட்கள் அதிகமாகிவிடும்.

இரண்டாவது, அனுமதி. ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சட்டம். நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மிஷனரிப் பணிக்கு வருகிற வெளிநாட்டவருக்குத் தனி விசா, ஆவணப்படம் எடுக்கத் தனி அனுமதி. சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கமும் செய்யக் கூடாது, தொழில்முறைப் படப்பிடிப்பும் நடத்தக் கூடாது. வெளிநாட்டுப் பணம் ஒரு அமைப்புக்கு வர வேண்டும் என்றால் 2010ஆம் வருஷத்து வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் ஒரு குறிப்பிட்ட ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து விழ வேண்டும். 'ஊழியம்தானே, யார் கேட்கப் போகிறார்கள்' என்று சுற்றுலா விசாவில் கிளம்புகிறவர் மாட்டினால் அவர் விமானம் ஏறிப் போய்விடுவார். அவருக்கு வீடு கொடுத்த உள்ளூர்க்காரர்தான் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும்.

மூன்றாவது, சாமான். கேமரா பேட்டரி லித்தியம் வகை, உதிரி பேட்டரிகளை விமானத்தில் கையோடுதான் கொண்டுபோக வேண்டும். 100 வாட்-மணி வரை கேள்வி இல்லை, அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். எடுத்ததை ஒரே தட்டில் வைக்காமல் இரண்டு மூன்று பிரதி எடுத்து வேறு வேறு பையில் வைக்க வேண்டும். கரண்ட் இல்லாத ஊரில் ராத்திரி முழுக்க இந்த நகல் எடுக்கிற வேலைதான்.

நான்காவதுதான் முக்கியம், மொழி. வேற்று மொழிக்காரர் பத்து நிமிஷம் அழுதுகொண்டே பேசுவார். மொழிபெயர்ப்பாளர் ஒரே வரியில் 'கடவுள் உதவினார் என்கிறார்' என்பார். அந்த ஒரு வரிதான் எடிட்டிங் மேஜைக்கு வரும். மீதி ஒன்பதே முக்கால் நிமிஷம் என்ன சொன்னார்? நிலத்தகராறா, மகன் வேலைக்குப் போன ஊரா, ஆஸ்பத்திரிக் கடனா? தெரியாமலே படம் முடிந்துவிடும்.

ஐந்தாவது, முகம். மதம் மாறுவது குடும்பத்தோடு, ஊரோடு சண்டையாகிற இடங்கள் உலகம் முழுக்க உண்டு. ஞானஸ்நானக் காட்சி அனுப்பி வைத்த ஊரில் கைதட்டல் வாங்கும். அதே காட்சி வாட்ஸ்அப்பில் சுற்றி, எடுத்த ஊருக்கே திரும்பி வந்தால் திரையில் தெரிந்த அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும்? 1923இல் கப்பல் ஏறிப் போன படம் திரும்பி வர வாய்ப்புக் குறைவு. இன்றைக்குத் திரும்பி வர ஐந்து நிமிஷம். இரண்டு திரைகளுக்கும் நடுவில் இருந்த கடல் வற்றிப் போய்விட்டது. இந்தத் தொழிலில் வந்த பெரிய மாற்றம் இதுதான்.

நாமும் அனுப்பியவர்கள்தான்

இதுவரை படித்துவிட்டு 'வெள்ளைக்காரன் நம்மைப் படம் பிடித்துக் காசு பார்த்தான்' என்று முடித்துக்கொள்வது சுலபம். நியாயம் இல்லை. 1903இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. இந்தியர்களின் பணம், இந்தியர்களின் ஆள் என்பது அதன் அடிப்படை. அதன் முன்னோடிகளில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா வெள்ளாளன்விளைக்காரர். தெலுங்கு தேசத்தில் தோர்ணக்கல்லுக்குப் போனார், 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அன்றைக்கு ஒரு திருநெல்வேலிக்காரருக்குத் தோர்ணக்கல் வெளிநாடு மாதிரிதான். மொழி வேறு, சாப்பாடு வேறு.

அதற்குப் பின் நூற்றிருபது வருஷமாகத் தென் மாவட்டங்களில் இருந்து வட இந்தியாவுக்கும் வெளிநாட்டுக்கும் ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பும்போது படத்தோடு வருகிறார்கள். முதலில் ஸ்லைடு, பிறகு வீடியோ கேசட், இப்போது செல்போன். மலைவாசிக் குழந்தைகள், ஓலைக் குடிசை, ஆற்றைக் கடக்கும் ஜீப். பார்த்துவிட்டு நம் ஆட்கள் உச்சுக் கொட்டிக் காணிக்கை போடுகிறார்கள். நாமும் இரண்டாவது திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள்தான்.

கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான சங்கதியும் இல்லை இது. எங்கள் ஊர் வழியாகத்தான் தாணிப்பாறைக்கும் சதுரகிரிக்கும் போகிறார்கள். ஆடி அமாவாசைக்குப் பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வரும். இப்போது பாதிப் பேர் கையில் கேமரா. 'சதுரகிரி ரகசியம்', 'சித்தர்கள் நடமாடும் மலை' என்று யூடியூப்பில் போடுகிறார்கள். தன் நம்பிக்கையை ஊருக்குச் சொல்லப் பயணம் போய்ப் படம் எடுக்கிறவர் என்றால் இவர்களும் மிஷனரிப் படக்காரர்கள்தான். மலையடிவாரத்துப் பளியர் குடியிருப்புகளையும் விடுவதில்லை. வாசலில் உட்கார்ந்திருக்கிற பாட்டியின் முகத்தில் கேமராவை நீட்டி, 'சித்தரைப் பார்த்திருக்கீங்களா?' என்று கேட்கிறார்கள். அந்தப் பாட்டிக்குச் சொல்ல வேறு விஷயம் இருக்கலாம். ரேஷன் பற்றி இருக்கலாம், பேத்தி படிப்பு பற்றி இருக்கலாம், தேன் எடுக்கப் போக விடாத கெடுபிடி பற்றி இருக்கலாம். அதற்கெல்லாம் வியூஸ் வராது.

இத்தனையும் தேடிப் படித்ததில் எனக்குக் கிடைத்த அளவுகோல் ஒன்றே ஒன்று. எடுத்த படத்தை எடுத்த ஊரிலேயே, அதில் தெரிகிறவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, முழுசாகப் போட்டுக் காட்ட முடியுமா? பின்னணிக் குரலை அவர்கள் மொழியில் சொல்லிவிட்டு, அதன் பிறகும் அவர்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க முடியுமா? முடியும் என்றால் அந்தப் படக்காரர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் சரி, வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார். முடியாது என்றால் படத்தில் எங்கேயோ ஒரு பொய் இருக்கிறது. அது கேமராவில் இல்லாமல் இருக்கலாம், மொழிபெயர்ப்பில் இருக்கலாம், தலைப்பில் இருக்கலாம், வெட்டி எறிந்த ஒன்பதே முக்கால் நிமிஷத்தில் இருக்கலாம்.

இதற்குச் செலவு பெரிசாக ஒன்றும் இல்லை. ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்க வேண்டும். ஒரு வெள்ளை வேட்டி வேண்டும். 'இந்த இடத்தை எடுத்துடுங்க தம்பி' என்று யாராவது சொன்னால் எடுத்துவிடுகிற மனசு வேண்டும்.